ஒன்பது நாள் ஓட்டோக் காசு

எங்கள் வேலிக்கு அடுத்த வளவு பஞ்சலிங்கம் மாமாவுடையது. இரத்தச் சொந்தம் இல்லை. பிறந்ததிலிருந்து மாமா என்று கூப்பிட்டு வாய் பழகிவிட்டது. உரும்பிராய்ச் சந்தியில் பத்தொன்பது வருடமாக ஓட்டோ ஓடுகிறார். இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு மனிசருக்காவது வாய் திறந்து விலை சொன்னதில்லை. பெருமைக்குச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இதை எழுதும்போதே எனக்குப் பல்லு நறநறக்கிறது.

"எவ்வளவு பஞ்சு?" என்று இறங்குகிறவர் கேட்டால் மாமா ரோட்டைப் பார்ப்பார், கண்ணாடியைத் துடைப்பார், இல்லாத தூசியை ஊதுவார். பிறகு, "பாத்துத் தாங்கோவன்" என்பார். உடனே ஒரு இழுபறி தொடங்கும். பாலேஸ்வரி அக்கா ஐந்நூறை நீட்டுவா. மாமா நூறைத் திருப்பி அவவின் கூடைக்குள் போடுவார். "பிடி பஞ்சு, பெற்றோல் விக்கிற விலைக்கு நீ காசு எறியிறாய்" என்று அவ அதை எடுத்து சீற்றில் வைப்பா. மாமா ஐம்பதைத் திருப்பிக் கொடுப்பார். கடைசியில் எங்கே போய் நிற்குமோ அதுதான் சரியான விலை. நான் கணிதத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டவள், ஆனால் இந்தக் கணக்கு எனக்கு விளங்கும். இரண்டு பக்கமும் விலை தெரிந்த ஆட்கள், வாயால் சொல்ல வெட்கப்பட்டுக் கையால் சொல்லுகிறார்கள். ஒரு பக்கம் கையைப் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு நின்றால் மற்றப் பக்கம் செத்தது.

அப்படி நின்றவரின் பெயர் கனகரத்தினம்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் இதே உரும்பிராயிலிருந்து நோர்வேக்குப் போனவர். மாமாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. இந்த ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு மகள் தக்சாயினியோடு வந்தார். கொக்குவிலில் ஒரு வீட்டை அங்கிருந்தே போனில் காசு கட்டி எடுத்திருந்தார். அந்த வீட்டுக்காரருக்கு அதிட்டம், விலையைப் போனே சொல்லிவிட்டது.

முதல் நாள் காலை மாமா அங்கே போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போனார், தக்சாயினிக்குத் துணையாக இருக்கட்டும் என்று. கனகரத்தினம் வாசலிலேயே மாமாவைக் கட்டிப் பிடித்தார்.

"டேய் பஞ்சு, ஒன்பது நாளும் நீதான். வேறை ஒருத்தன்ரை ஓட்டோவிலையும் நான் கால் வைக்க மாட்டன். எவ்வளவெண்டு சொல்லு."

"அதென்ன அண்ணை அவசரம், பிறகு பாப்பம்."

"பாத்தியே பிள்ளை?" என்று அவர் மகளுக்குத் திரும்பிச் சொன்னார். "இதுதான் எங்கடை சனம். காசைக் கதைக்காதுகள்."

அந்த "பிறகு பாப்பம்" என்பதற்கு உரும்பிராயில் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டிலிருந்து வாறவை போகிற நாளில் கையைப் பிடித்து, உள்ளங்கைக்குள் நோட்டுகளை மடித்து வைத்து, "இதை வைச்சுக்கொள்" என்பார்கள். கணக்குப் போட்டால் நாள் கூலியும் பெற்றோலும் அதற்கு மேலே கொஞ்சமும் இருக்கும். மாமா அதை நம்பித்தான் மற்ற ஹயர் ஓட்டம் எல்லாவற்றையும் விட்டார். ரியூசன் பிள்ளைகளை ஏற்றுகிற ஒழுங்கான ஹயரைக்கூட வேறு ஓட்டோக்காரனுக்குக் கொடுத்துவிட்டார்.

கனகரத்தினத்திடம் தாள் காசே கிடையாது என்பது அன்று மத்தியானம் கீரிமலையில் தெரிந்தது. கேணியில் குளித்துவிட்டு வந்து நாலு இளநி குடித்தோம். கனகரத்தினம் பேர்சைத் திறந்து ஒரு பாங்க் காட்டை எடுத்தார்.

நான் இளநிக்காரரிடம், "அண்ணை, இவர் காசு தரார், தட்டுவார். நீங்கள் மெசினை நீட்டினால் காணும்" என்றேன்.

இளநிக்காரர் கத்தியை நீட்டினார். "இந்தா, இதிலை தட்டச் சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். கனகரத்தினமும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் மாமா காசைக் கொடுத்து முடித்துவிட்டார்.

"அங்கை ஒருத்தரும் காசைக் கையாலை தொடுறேல்லை" என்று கனகரத்தினம் ஓட்டோவுக்குள் வகுப்பெடுத்தார். "ஒரு வாழைப்பழம் வாங்கினாலும் போனிலை தட்டுறதுதான். கோயில் உண்டியலுக்கும் போன்தான். தாளைக் கொண்டுபோய் நீட்டினால், இதை எங்கையடா களவெடுத்தனி எண்ட மாதிரிப் பாப்பாங்கள்."

"மெய்யே அண்ணை!" என்றார் மாமா, வாயைப் பிளந்து.

"மெசின் இருக்குது தானே, சந்தியிலை" என்றேன் நான். "காட்டைப் போட்டால் காசு கக்கும்."

"ஒருக்கா எடுக்க அவன் வெட்டுற காசு தெரியுமோ, பிள்ளை? பகல் கொள்ளை."

ஆக, பாங்க்காரன் கொள்ளையடிக்கக் கூடாது என்பதற்காக மாமா கொடுத்தார். அர்ச்சனைச் சிட்டைக்கு மாமா. செருப்புக் காவலுக்கு மாமா. நயினாதீவு வள்ளத்துக்கு மாமா, அங்கே பூவுக்கும் கற்பூரத்துக்கும் மாமா. காரைநகர்க் கடற்கரையில் பொரித்த மீன் மாமா. குளிரூட்டிய சாப்பாட்டுக் கடையில் மட்டும் கனகரத்தினம் தட்டினார், ஏனென்றால் அங்கே தட்டலாம். அங்கே மாமா உள்ளே வரவில்லை. ஓட்டோவுக்குள் இருந்து வெறும் பணிஸ் ரொட்டி சாப்பிட்டார்.

இந்தக் காசெல்லாம் எங்கேயிருந்து வந்தது என்பதை இப்போது சொல்ல வேண்டும். மாமி, பெயர் குணலட்சுமி, சீட்டுப் பிடிக்கிறவ. பன்னிரண்டு பெண்டுகள், ஆளுக்கு மாதம் ஐயாயிரம். சேருகிற அறுபதாயிரமும் மாதத்து நாலாம் ஞாயிறு பின்னேரம் ஒருத்தியின் கைக்குப் போகும். சிட்டை இல்லை, கையெழுத்து இல்லை. மாமியின் பெயர் ஒன்றுதான் பிணை. ஒரு மாதம் பிந்தினாலும் அந்தப் பெயர் போனது போனதுதான், பிறகு உரும்பிராயில் ஒருத்தி அவவை நம்பி ஐந்து சதம் கொடுக்கமாட்டாள்.

இந்த மாதம் பாலேஸ்வரி அக்காவின் முறை. அவவின் கிணற்று மோட்டர் எரிந்து போய், இரண்டு பரப்பு வெங்காயத் தோட்டத்துக்கு வாளியால் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தா. நாரி பிடித்து, இடுப்பு நிமிராமல் நடந்தா. அந்த ஞாயிறுதான் கனகரத்தினம் நோர்வேக்கு வெளிக்கிடுகிற நாளும்.

மாமா இரண்டாம் நாளே சீட்டுக் காசில் கை வைத்தார். களவாக இல்லை, கேட்டுத்தான். மாமி நேரே முகத்தைப் பார்த்து, "ஞாயிறு விடியக் கையிலை இருக்கவேணும், சொல்லிப்போட்டன்" என்று எடுத்துக் கொடுத்தா. எட்டாம் நாள் முடிய, வழிச் செலவும் பெற்றோலும் வீட்டுச் செலவும் சேர்த்து, அப்படிப் போனது இருபத்தாறாயிரம்.

தக்சாயினியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் எனக்கு அவளிலும் கோபம்தான். இருபத்திமூன்று வயது. தமிழ் கதைப்பாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கழுவிக் கழுவி எடுத்து வைப்பது போலிருக்கும். பின்னேரம் இறக்கிவிடும் ஒவ்வொரு முறையும் கேட்பாள்:

"அங்கிள், இண்டைக்கு எவ்வளவு?"

"சீச்சீ, என்ன பிள்ளை நீங்கள். அதெல்லாம் பாத்துச் செய்யலாம்."

"நீங்கள் நம்பர் சொல்லுங்கோ."

"போங்கோ பிள்ளை, போய்ச் சாப்பிடுங்கோ."

நாலாம் நாள் நான் அவளைத் தனியே பிடித்து, "அக்கா, அவர் வேண்டாம் எண்டால் வேண்டாமெண்டில்லை" என்றேன்.

அவள் யோசித்தாள். "எங்கடை இடத்திலை ஒராள் ரெண்டு தரம் வேண்டாமெண்டு சொன்னால், பிறகும் குடுக்கிறது மரியாதை இல்லை. நானும் என்ரை சிநேகிதியும் ஒரு கோப்பி குடிச்சால், அவள் பாதிக் காசை உடனை போனிலை கேப்பாள். நான் அனுப்புவன். ஒருத்தருக்கும் கோபம் வாறேல்லை."

"பாதிக் கோப்பிக்கோ?"

"ஓம். ஏன்?"

எங்களிடம் அப்படிக் கேட்டால் அந்தக் கோப்பியையே முகத்தில் ஊற்றுவார்கள் என்று சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "ஆனா காசு விசயம் பயப்பிடாதை, அப்பா எல்லாம் பாக்கிறார்" என்றாள். நான் அதைச் சரியாகக் கவனிக்கவில்லை. என்ரை மொக்குத்தனம்.

ஐந்தாம் நாள் அவள் மாமாவுக்கு ஒரு பரிசு கொடுத்தாள். கம்பளிச் சுவெற்றர், நெஞ்சில் மான் நிற்கிறது, மானைச் சுற்றிப் பனி கொட்டுகிறது. ஆவணி வெயிலில், தார் உருகுகிற ரோட்டில், மாமா அதைப் போட்டுக்காட்டினார். வேர்த்து ஒழுகியது. "நல்ல சூடு பிள்ளை, நல்ல சூடு" என்றார். போனில் அவருக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டாளாம். மாமி ஐந்து நட்சத்திரத்தையும் பெற்றோல் செட்டில் கொண்டுபோய் நீட்டிப் பார்க்கச் சொன்னா.

எனக்குப் பொறுக்கவில்லை. ஆறாம் நாள் விடிய மாமா குளிக்கப் போன நேரம், கார்ட்போட் மட்டை ஒன்றில் மார்க்கரால் எழுதி, சாரதி சீற்றின் பின்பக்கம் ஒட்டினேன். முன்னால் இருந்து ஓடுகிற மாமாவுக்குத் தெரியாது. பின்னால் இருக்கிறவரின் மூக்குக்கு நேரே நிற்கும். "முழு நாள் ஹயர் 6,000 ரூபா. வழியில் சாரதி கட்டும் காசு தனி. காசு மட்டும்." கீழே, அழகுக்கு, ஒரு சிரிக்கிற மூஞ்சை.

கனகரத்தினம் ஏறி இருந்தார். வாசித்தார். கோண்டாவில் தாண்டினது. பிறகு மாமாவின் தோளில் தட்டினார்.

"என்னடா பஞ்சு, போர்ட் எல்லாம் தொங்குது? ஆருக்கு, வெள்ளைக்காரருக்கோ? நாங்கள் எங்கடை ஆக்களெல்லோ."

மாமா ஓட்டோவை ஓரம் கட்டினார். இறங்கி வந்து பார்த்தார். அவரின் காது சிவந்ததை அன்றுதான் கண்டேன். மட்டையைப் பிய்த்து, நாலாய்க் கிழித்து, சீற்றுக்கு அடியில் செருகினார். என்னோடு ஒரு நாளும் கத்தாத மனிசன் கத்தினார்.

"எடியே கீர்த்திகா! உனக்கு விளையாட ஒரு அளவில்லையே? என்ரை மூஞ்சையை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

கனகரத்தினம், "விடடா, சின்னப் பெட்டை" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். அந்த நேரம்தான் எனக்கு விளங்கியது. இந்த மனிசனுக்கு எல்லாம் தெரியும். எங்கள் பழக்கம் ஒன்றையும் இவர் மறக்கவில்லை. விலை சொல்ல மாட்டான் என்று தெரிந்துதான் "விலை சொல்லு" என்கிறார். மகளுக்கு முன்னால் நோர்வே, மாமாவுக்கு முன்னால் உரும்பிராய். எந்தப் பக்கம் காசு மிஞ்சுமோ அந்தப் பக்கத்து ஆளாய் நிற்கிறார்.

சனி பின்னேரம் மாமி வேலியருகே வந்து நின்று மாமாவைக் கேட்டா. "இஞ்சருங்கோ, தந்தவரோ?"

"நாளைக்குப் போகேக்கை தருவார்."

"தராட்டி?"

"கனகண்ணை அப்பிடிச் செய்யமாட்டார்."

"தராட்டி பாலேஸ்வரிக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது, மான் சுவெற்றரையோ?"

மாமா வாளியை எடுத்தார். ஓட்டோவைக் கழுவினார், ஏற்கெனவே கழுவின ஓட்டோவை.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொழும்புக்குப் போகிற வான் மாமாவின் வாசல் படலையில் வந்து நின்றது. பயணம் சொல்ல வந்திருந்தார்கள். கனகரத்தினம் இறங்கி ஒரு பை கொடுத்தார். சொக்லேட், பாதி பாவித்த சம்போ, வெயிலுக்குப் பூசுகிற களிம்பு. பிறகு மாமாவின் கையைப் பிடித்தார். நான் அந்த உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன், மாமியும் பார்த்துக்கொண்டு நின்றா. கையைக் குலுக்கினார். எடுத்தார். வெறுங்கை.

"பஞ்சு, உன்ரை பாங்க் நம்பரை ஒருக்கா வட்ஸ்அப்பிலை போட்டு விடு. போய்ச் சேந்த உடனை பாத்துச் செய்யிறன். அங்கையிருந்து தட்டினால் ஒரு நிமிசம்."

"ஓம் அண்ணை. அதுக்கென்ன. சுகமாப் போட்டு வாங்கோ" என்றார் மாமா. முகம் சாம்பல்.

கனகரத்தினம் வானுக்குள் ஒரு காலை வைத்தார். மாமி படலையைத் தாண்டி ரோட்டில் இறங்கினா.

"கனகண்ணை, நில்லுங்கோ. உங்கடை நாட்டிலை கடைக்காரன் விலையைச் சொல்லாட்டி, சாமானைச் சும்மா தூக்கிக்கொண்டு வீட்டை போவியளோ?"

"என்ன குணம், இது?"

"இண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்கு நான் பன்னிரண்டு பெண்டுகளுக்கு முன்னாலை இருக்கவேணும். அவையின்ரை காசிலை நீங்கள் இளநி குடிச்சிருக்கிறியள். உங்கடை செருப்புக்குக் காவல் இருந்தது பாலேஸ்வரியின்ரை மோட்டர் காசு."

"குணம், உள்ளுக்குப் போ" என்றார் மாமா.

வானுக்குள்ளிருந்து தக்சாயினி இறங்கினாள். "அப்பா, நீங்கள் இன்னும் குடுக்கேல்லையோ?"

"அது நாங்கள் பெரியாக்கள் கதைக்கிறது, பிள்ளை. நீ ஏறு."

"என்னட்டை வாங்கினீங்கள்தானே?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் போனை எடுத்து விரலால் தேய்த்து மாமியிடம் நீட்டினாள். மாமிக்குக் கண்ணாடி இல்லை. நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்து விளங்கவில்லை, இலக்கம் விளங்கியது. அவள் மொழிபெயர்த்தாள். "ஓட்டோ, ஒன்பது நாள். மொத்தம் ஆயிரத்து எண்ணூறு குரோனர். உன்ரை பாதி தொள்ளாயிரம்." அப்பா கேட்டிருக்கிறார். மகள் அனுப்பியிருக்கிறாள். முந்தநாள் வெள்ளிக்கிழமையே.

"எங்கடை காசிலை எவ்வளவு?" என்று மாமி கேட்டா.

"ஆயிரத்து எண்ணூறு எண்டால் அம்பத்திநாலாயிரம்."

ஆறாயிரப்படி ஒன்பது நாள். ஒரு ரூபா பிசகவில்லை. மட்டையை அவர் நன்றாகத்தான் வாசித்திருக்கிறார். விலை தெரியாமல் இருந்ததில்லை, மாமா சொல்லாததால் குழம்பினதுமில்லை. பெற்ற பிள்ளையிடம் நோர்வேக்காரனாய்ப் பாதியைத் தட்டி வாங்கி, தம்பிக்காரனிடம் உரும்பிராய்க்காரனாய் முழுதையும் விழுங்கியிருக்கிறார். போனைக் கீழே போட்டு உடைத்துவிடுவேன் என்ற பயத்தில் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் போய் அனுப்புறன் எண்டு சொன்னனான்தானே! ஏமாத்திறன் எண்டோ சொல்லுறியள்?" கனகரத்தினம் கத்தினார். "நான் அங்கை மீன் பக்டறியிலை குளிருக்கை நிண்டு உழைக்கிற காசு, தெரியுமோ உங்களுக்கு? மரத்திலை பிடுங்கிற காசில்லை!"

அது உண்மையாகத்தான் இருக்கும். அவரின் விரல்களைக் கண்டிருக்கிறேன், நகம் கறுத்து, மூட்டு வீங்கி. அதுக்காக என் கோபம் அரை அங்குலம்கூட இறங்கவில்லை.

தக்சாயினி மாமாவுக்கு முன்னால் போய் நின்றாள். "அங்கிள். நீங்கள் நம்பர் சொல்லுங்கோ. நான் கேக்கிறன்."

மாமா ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் துடைக்கக் கண்ணாடி இல்லை, ஊதத் தூசியும் இல்லை. வான் சாரதியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுங்கோ மாமா" என்றேன். "இல்லாட்டி நான் சொல்லுவன்."

"நீ வாயை மூடு." பிறகு, தக்சாயினியைப் பார்க்காமல், கனகரத்தினத்தை நேரே பார்த்து, "அம்பத்திநாலாயிரம்" என்றார். "அது கூலி. இளநி, அர்ச்சனை, செருப்பு, வள்ளம், பூ, மீன், எல்லாம் பதினோராயிரத்து நானூறு. மொத்தம் அறுபத்தையாயிரத்து நானூறு. கேட்டீங்களெல்லோ அண்ணை, எவ்வளவெண்டு. அவ்வளவுதான்."

ஒன்பது நாளும் சதம் சதமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். எங்கும் எழுதவில்லை.

தக்சாயினி ஓட்டோவில் ஏறினாள். நானும் ஏறினேன். சந்தி மெசினில் ஒரே தடவையில் அவ்வளவும் வராது, இரண்டு தரம் காட்டைப் போட்டாள். இரண்டு தரமும் வெட்டினார்கள். அவள் கணக்கெடுக்கவில்லை. அறுபத்தாறாயிரத்தை மாமாவின் கையில் கொடுத்தாள். மாமா மேல் பொக்கெற்றைத் தடவி, காற்சட்டையைத் தடவி, டாஷ்போர்டைக் கிளறி, அறுநூறு ரூபா தேடி எடுத்து மிச்சம் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அதுதான். "வைச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அவரை இன்னும் கொஞ்சம் குனிய வைக்கவில்லை. "நன்றி அங்கிள்" என்றாள்.

படலைக்குத் திரும்பியபோது கனகரத்தினம் வானுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தார். வான் வெளிக்கிடும்போது மட்டும் இறக்கினார்.

"சின்னப் பிள்ளையளுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்கிப்போட்டாய், பஞ்சு."

மாமா காசை மாமியிடம் நீட்டினார். மாமி இருபத்தாறாயிரத்தை எண்ணி எடுத்துக்கொண்டு உள்ளே போனா. மாமா ஓட்டோவின் பின் சீற்றில் போய், பிரயாணி மாதிரி, குந்தினார். தோள் குலுங்கியது. காசு கிடைத்த மனிசன் அழுகிறார், வெட்கத்தில். எடுத்தவர் ஏசிக்குள் போகிறார். நான் பிளேன் ரீ ஊற்றிக்கொண்டு வந்து, சீனி கூடப் போட்டு, பக்கத்தில் வைத்துவிட்டு எழும்பிப் போனேன். பார்த்துக்கொண்டு நின்றால் அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு அறுபதாயிரமும் பாலேஸ்வரி அக்காவின் கைக்குப் போனது. திங்கள் மத்தியானம் புது மோட்டர் பூட்டியாயிற்று.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் பேனையைத் தொட்டிருக்க மாட்டேன். கனகரத்தினம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்திருக்கிறார். இப்போது சந்தியில் கதை வேறு. "ஊருக்கு வந்த சொந்தத்தை ரோட்டிலை மறிச்சுக் காசு பறிச்சவன்" என்கிறார்கள். மூன்று பேர் மாமாவின் ஓட்டோவை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினதை நான் என் கண்ணால் கண்டேன். மாமா ஒருவருக்கும் விளக்கம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்.

அதனால் நான் சொல்லுகிறேன். கூலி ஐம்பத்துநாலாயிரம், கைக்காசு பதினோராயிரத்து நானூறு. அதற்கு மேல் ஒரு சதம் வாங்கவில்லை. கனகரத்தினத்தார் மகளிடம் வாங்கின தொள்ளாயிரம் குரோனர் இன்னும் அவரிடமே இருக்கிறது. அடுத்த முறை போன் எடுத்தால், மாமாவைப் பற்றிச் சொல்ல முதல், அதைப் பற்றிக் கேளுங்கோ.